ஹஸ்கியை ஸ்கூட்டரில் பூட்டும் முன்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டரை வயது சைபீரியன் ஹஸ்கி (ஆண், 24 கிலோ) ஒருவனும், எட்டு மாத அலாஸ்கன் மலமூட் பெண் குட்டி ஒருத்தியும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி விழும், கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் ஊர். நடைக்குக் கூட்டிப்போனால் ஹஸ்கி தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு இழுக்கிறான். இழுக்கத்தானே பிறந்தவன், காலால் உதைத்து ஓட்டும் ஸ்கூட்டரில் பூட்டி ஓட்டலாமா? குட்டியையும் சேர்த்துப் பூட்டலாமா? பனிவண்டி இழுக்கும் ஸ்லெட் நாய்க்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வேண்டும் என்று படித்தேன். இவனோ வைத்ததில் பாதியை அப்படியே விட்டுவிடுகிறான். குட்டிக்குப் போடும் கால்சியம் பொடியை இவனுக்கும் கலந்து பார்த்தோம், பயனில்லை. மூன்று மாதமாகக் கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் பொருக்குத் தட்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு குறைவு, வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும் என்றார்கள். இன்னும் தொடங்கவில்லை. கோடையில் முடியை மழித்துவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். மாத்திரை விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

ஸ்லெட் இன நாய்களுக்கு, அதுவும் ஓடிப் பழகியவற்றுக்கு, இரத்தத்தில் டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவு மற்ற நாய்களைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. ஆய்வக அறிக்கையில் அச்சாகும் ‘சரியான அளவு’ பல இன நாய்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதில் உங்கள் ஹஸ்கி கீழ்க்கோட்டுக்கு அடியில் விழுவதில் வியப்பில்லை. மொத்த டி4 ஒன்றை மட்டும் பார்த்து ஹஸ்கிக்கு வாழ்நாள் மாத்திரை எழுதக்கூடாது. டயாலிசிஸ் முறையில் அளந்த ஃப்ரீ டி4 (இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), கூடவே டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), இரண்டையும் கேட்டு வாங்குங்கள். டிஎஸ்எச் உயர்ந்து, டி4 இரண்டும் தாழ்ந்து, அதோடு தீனி கூடாமலே எடை ஏறுவது, சோம்பிக் கிடப்பது, உடலின் இருபுறமும் ஒரே மாதிரி முடி உதிர்வது எல்லாம் சேர்ந்தால் அப்போது யோசிக்கலாம். வேறு நோய் இருந்தாலோ ஸ்டீராய்டு மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ டி4 தானாகவே இறங்கும். உங்கள் தோளைக் கழற்றுகிற நாய்க்குத் தைராய்டு வற்றிவிட்டது என்று நம்ப எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பொருக்குக்கு வேறொரு காரணம் இருக்கலாம், அதன் ஒரு நுனி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கண், உதடு, காதோரம், பாதத் திண்டு ஆகிய இடங்களில் பொருக்குக் கட்டுவது ஹஸ்கிக்கும் மலமூட்டுக்கும் பரம்பரையாக வரும் துத்தநாகக் குறையின் முகம். தீனியில் துத்தநாகம் போதுமான அளவு இருந்தும் அவற்றின் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதன்மேல் கால்சியம் பொடியைக் கொட்டினால் உறிஞ்சுவது இன்னும் குறையும். தானியம் மிகுந்த தீனியில் இருக்கும் ஃபைட்டேட்டும் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஆகவே கால்சியத்தை இன்றே நிறுத்துங்கள். குட்டிக்கும்தான், அந்தக் காரணம் பின்னால் வருகிறது.

பொருக்கு இருக்கும் இடத்தில் தோலைச் சுரண்டிப் பூச்சி பார்க்கவும், சின்னத் துண்டு எடுத்து பயாப்சி செய்யவும் சொல்லுங்கள். துத்தநாகக் குறைதான் என்று உறுதியானால், வழக்கமான அளவு உடல் எடை கிலோவுக்குத் தினம் 2 முதல் 3 மில்லிகிராம் துத்தநாகம். 24 கிலோ நாய்க்கு 48 முதல் 72 மில்லிகிராம். இது மாத்திரையில் சேர்த்த துத்தநாக உப்பின் (சல்பேட் போன்றவை) எடையல்ல, அதற்குள் இருக்கும் துத்தநாகத்தின் எடை. மாத்திரை டப்பாவில் இரண்டும் வேறு வேறு எண்களாக இருக்கும், இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், தீனியோடு கொடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் பொருக்கு உதிரத் தொடங்க வேண்டும். அளவு மீறினால் துத்தநாகம் சிவப்பணுக்களை உடைக்கும், எனவே நீங்களாகவே கூட்ட வேண்டாம். இன்னொன்று: பொருக்கோடு கண் சிவந்தாலோ, கூசினாலோ, மூக்கின் கறுப்பு வெளுத்தாலோ அன்றைக்கே கண்ணைக் காட்டுங்கள். அது இந்த இனங்களில் வரும் வேறொரு நோய். நிறத்தைத் தரும் அணுக்களை உடலே தாக்கும், தாமதித்தால் பார்வை போய்விடும்.

இனி தீனி. பத்தாயிரம் கலோரி என்று நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது உங்கள் நாயின் கணக்கும் இல்லை. அலாஸ்காவின் இடிடரோட் ஸ்லெட் நாய்ப் பந்தயத்தில் ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். முன்னணிக் குழுக்கள் அதை ஒன்பது பத்து நாளில் முடிக்கின்றன. கடுங்குளிரில் நாளுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கும் நாய் பத்தாயிரம் கலோரியைத் தாண்டி எரிக்கிறது. அதில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருகிறது. அந்தக் கொழுப்பைச் செரிக்கவும் எரிக்கவும் அவற்றின் உடல் பல மாதம் பழகியிருக்கிறது.

வீட்டில் இருக்கும் உங்கள் ஹஸ்கிக்கு நாளைக்கு 1,000 முதல் 1,250 கலோரி போதும். நூறு கிராமில் 380 கலோரி உள்ள உலர்தீனி என்றால் 260 முதல் 330 கிராம், இரண்டு வேளையாக. ஓட்டத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து கிலோமீட்டர் ஓடிய நாளில் கூடுதலாக 250 கலோரி, அவ்வளவுதான். ஹஸ்கி தன் உடம்பை அறிந்து உண்ணும் இனம். பாதியை விட்டுவிடுகிறான் என்றால் நீங்கள் இரட்டிப்பாக வைக்கிறீர்கள் என்று பொருள். பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். முடி அடர்த்தியாக இருப்பதால் கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், லேசாக அழுத்தினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். பந்தய நாய் தின்கிறதே என்று கொழுப்பைத் திடீரெனக் கூட்டினால் முதலில் வயிற்றுப்போக்கு வரும், மிஞ்சினால் கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும்.

சரி, ஸ்கூட்டர். ஹஸ்கியைப் பூட்டலாம், பூட்டத்தான் வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் அவன் எந்த வேலைக்கு உருவானவன் என்று தெரிந்துகொண்டு பூட்டுங்கள். சைபீரியாவின் சுக்சி மக்கள் இவற்றை வளர்த்தது இலேசான சுமையை மிதமான வேகத்தில் வெகுதூரம் கொண்டுபோக. நோம் நகரில் 1909 பந்தயத்துக்கு இவை வந்தபோது அளவைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டே சைபீரிய நாய்களை ஓட்டியவர் வென்றார். மலமூட் வேறு. அது அலாஸ்காவின் கோட்சபூ நீர்ப்பரப்புப் பகுதியின் மலமூட் இன மக்கள் கனத்த சுமையை மெதுவாக இழுக்க வளர்த்த நாய். வளர்ந்த ஆண் 38 கிலோ, பெண் 34 கிலோ இருக்கும். ஹஸ்கி ஆணோ 20 முதல் 27 கிலோ. இரண்டையும் ஒரே கயிற்றில் பூட்டினால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு ஓடும். இன்றைய நெடுந்தூரப் பந்தயங்களில் வெல்பவை பெரும்பாலும் இவை இரண்டுமே அல்ல, அலாஸ்கன் ஹஸ்கி என்னும் கலப்பு நாய்கள். நீலக் கண்ணும் முகமூடி முகமும் அவற்றுக்கு இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது.

கழுத்துப்பட்டையில் இழுக்க விடவே கூடாது. மூச்சுக்குழல் நசுங்கும், கண்ணின் அழுத்தம் ஏறும். ஹஸ்கி இனத்தில் கண் அழுத்த நோய் வருவதால் இதை அலட்சியமாக விட வேண்டாம். இழுப்பதற்கு எக்ஸ் வடிவ முதுகுப்பட்டை கொண்ட ஹார்னஸ் வாங்குங்கள். நடைப்பயிற்சிக்கு விற்பது இதற்கு ஆகாது. போட்டுப் பார்க்கையில் கழுத்துத் துளைக்குள் தலை சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். நுழைந்தபின் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம். மார்பில் வரும் பட்டை மார்பெலும்பின் மேல் படிய வேண்டும், தொண்டைக் குழியில் ஏறக்கூடாது. பின்கண்ணியை இழுத்துப் பிடித்தால் அது வால் தொடங்கும் இடத்தில் முடிய வேண்டும். குட்டையானால் முதுகை அழுத்தும், நீளமானால் இடுப்பில் சரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அக்குளைத் தடவிப் பாருங்கள். முடி உரசித் தேய்ந்திருந்தால் ஹார்னஸ் அளவு தவறு.

பழக்கும் வரிசை இதுதான். முதல் வாரம் ஹார்னஸை மாட்டிச் சும்மா நடை, இழுக்க எதுவும் வேண்டாம். இரண்டாம் வாரம் இரண்டு மூன்று கிலோ மரத்துண்டைக் கட்டிப் பின்னால் இழுக்க விடுங்கள், நீங்கள் கூடவே நடங்கள். பின்னால் எழும் சத்தத்துக்கு அவன் அஞ்சாமல் இருக்கப் பழகுவதுதான் இதன் பயன். இதே காலத்தில் ‘லைன் அவுட்’ சொல்லிக் கொடுங்கள்: கயிற்றை விறைப்பாகப் பிடித்து முன்னே நோக்கி அசையாமல் நிற்பது. இதைக் கற்காத நாயைச் சக்கரத்தில் பூட்டவே கூடாது. புறப்பட ‘ஹைக்’, வலப்பக்கம் ‘ஜீ’, இடப்பக்கம் ‘ஹா’, நிறுத்த ‘வோ’, எதையும் கவனிக்காமல் கடந்துபோக ‘ஆன் பை’. இழுநாய் ஓட்டுபவர்கள் பலரும் சொல்வது இவற்றைத்தான், ஆனால் நாய்க்கு மொழி முக்கியமில்லை, உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாமல் இருந்தால் போதும். நடைக்குக் கழுத்துப்பட்டை, இழுக்க ஹார்னஸ் என்று பிரித்துவிட்டால் ஒரு மாதத்தில் எப்போது இழுக்கலாம், எப்போது கூடாது என்று அவனே அறிந்துகொள்வான். உங்கள் தோளும் பிழைக்கும்.

பிறகு ஸ்கூட்டர். முதலில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் தயாராகிவிடும். தசைநாரும் பாதமும் மூன்று மாதம் கேட்கும். தார்ச் சாலை வேண்டாம், மண்பாதையில் ஓட்டுங்கள். இழுகயிறு, இழுத்தால் நீளும் வார் வைத்ததாக, இரண்டரை மீட்டர் அளவில் இருக்கட்டும். அது முன்சக்கரத்தில் சுற்றாதபடி சக்கரத்துக்கு முன்னே நீட்டிய கம்பி ஒன்று வேண்டும். கயிற்றை உங்கள் இடுப்பிலோ கையிலோ கட்டவே கட்டாதீர்கள். விபத்துகள் பலவும் கயிறு தொய்யும்போதுதான் நேரும். இறக்கத்தில் வண்டி நாயை முந்தும், கயிறு தொங்கும், சக்கரத்தில் சிக்கும், அல்லது நாய் திரும்பி நிற்கும். இறக்கம் முழுவதும் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே கயிற்றை விறைப்பாக வையுங்கள். ஏற்றத்தில் நீங்களும் காலால் உதைத்து உதவுங்கள். தலைக்கவசம், கையுறை கட்டாயம்.

வெப்பம் பற்றிச் சற்று நீட்டிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த நாய்களை ஓட்டத்தில் கொல்வது குளிரைவிட வெப்பம். நாய்க்கு உடலெங்கும் வியர்க்காது, வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே வெளியேற்ற வேண்டும். தசை உழைக்கும்போது உண்டாகும் வெப்பமோ மிக அதிகம். வெளியே 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தயங்காமல் ஓட்டலாம். 10 முதல் 15 வரை விடியற்காலையில் சிறிய தூரம். 15 தாண்டினால் இழுவை வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இந்த எல்லைகளை இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறக்கிக்கொள்ளுங்கள். ஓய்வில் உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி. ஓட்டம் முடிந்ததும் 40க்கு மேல் போகலாம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கத் தொடங்க வேண்டும். நாக்கு அகன்று நுனி கரண்டிபோல் வளைவது, நிழலை நோக்கி ஒதுங்குவது, கயிறு தொய்வது இவை முதல் எச்சரிக்கை. அப்போதே அன்றைய ஓட்டம் முடிந்தது என்று கொள்ளுங்கள். ஈறு செங்கல் நிறமாகி, கால் பின்னி, வாந்தியும் வந்தால் அது வெப்பத் தாக்கு. வண்டிக்கு ஓடாமல் முதலில் அங்கேயே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், காற்று வீசுங்கள். முடி அடர்த்தியாதலால் தோல் நனையும்வரை ஊற்ற வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். 39.5க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஓட்டத்துக்கு மறுநாள் வரை சிறுநீரைக் கவனியுங்கள். காபி நிறத்தில் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, அது அவசரம். வலிக்குமே என்று மனிதர் மாத்திரை, குறிப்பாக இபுபுரூஃபன், ஒருபோதும் கொடுக்கக்கூடாது. கடுமையாக ஓடும் நாய்களுக்கு இரைப்பைப் புண் எளிதில் வரும், அதில் இது எண்ணெய் ஊற்றும்.

தண்ணீர்: குளிர்நாளில் நாய் தானாகக் குடிக்காது, பனியை நக்குவது போதாது. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் இறைச்சி வேகவைத்த நீரைக் கலந்து வையுங்கள், உப்புச் சேர்க்க வேண்டாம். முழு வேளைத் தீனி ஓட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு முடிந்திருக்க வேண்டும், பின்பு ஒரு மணி நேரமாவது கழித்துத் தரலாம்.

பாதம். குளிரில் பாதம் உறையாமல் இருக்க அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது: கீழே போகும் சூடான இரத்தம் மேலே வரும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். ஆக உறைவதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம், வெடிப்பும் உரசலும்தான் தொல்லை. பனியில் விரலிடையில் முடிமேல் உருண்டை கட்டும், அது நடுச்சவ்வைக் கிழிக்கும். அந்த முடியைத் திண்டு மட்டத்துக்கு வெட்டுங்கள், சவ்வைத் தொடாமல். சொரசொரப்பான பனி, சாலையில் உருக்குவதற்குப் போட்ட உப்பு, பொடிக்கல், இவை இருக்கும் நாளில் துணிக் கால் உறை போடுங்கள். உறையின் பட்டி ஒரு விரல் நுழையும் அளவில் இறுகியிருக்க வேண்டும். மேலே இருக்கும் ஐந்தாம் நகத்தின்மேல் பட்டி ஏறினால் புண்ணாகும். ஓய்வுக்கு நின்றதும் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு மணிக்கட்டு வீங்கும்.

முடியை மழிக்க வேண்டாம். உள்ளே பஞ்சு போன்ற உள்முடி, மேலே நீண்ட காவல்முடி. கோடையில் உள்முடி கொட்டிவிடும், காவல்முடி வெயில் தோலைத் தொடாமல் தடுக்கும். மழித்தால் தோல் வெந்துபோகும். இந்த இனங்களில் மழித்த முடி திரும்ப வளர ஓர் ஆண்டுக்கு மேல் ஆவதும், திட்டுத் திட்டாக வருவதும் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது கொட்டும் பருவத்தில், ஆண்டுக்கு இருமுறை மூன்று நான்கு வாரம், அண்டர்கோட் ரேக் (உள்முடி வாரும் சீப்பு) வைத்துத் தினமும் வாருவது. முதலில் முடி வளரும் திசையில், பிறகு பகுதி பகுதியாகப் பிரித்துத் தோல் தெரியுமளவு. வாராமல் விட்டால் உள்முடி சடையாகி, காற்றுப் போகாமல், அடியில் ஈரப்புண் வரும். கோடைப் பகலில் வீட்டுக்குள் குளிர்ந்த தரை, ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டி இரண்டும் இருந்தால் போதும்.

குட்டியைப் பூட்டுவது பற்றி. எட்டு மாத மலமூட்டைப் பூட்டுவது இளங்கன்றை நுகத்தில் கட்டுவதுதான். அவளுடைய எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தகடுகள் இன்னும் திறந்திருக்கின்றன. சுமை இழுத்தால் அவை நெரிந்து கால் வளைந்துவிடக்கூடும். பதினெட்டு மாதம் வரை சுமை கிடையாது. ஹார்னஸை மாட்டி, சொற்களைப் பழக்கி, ஹஸ்கியின் பக்கத்தில் வெறும் நடை. அந்த வயதில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், மலமூட்டில் இடுப்பு மூட்டுக்குறை அரிதல்ல. கால்சியம் பொடியை நிறுத்தச் சொன்னது இதனால்தான்: பெரிய இனக் குட்டிகள் குடலில் கால்சியத்தை மறுக்க முடியாமல் அப்படியே ஏற்றிக்கொள்ளும், மிகையானால் எலும்பு வளர்ச்சியே கோணும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று செய்த தீனியில் தேவையானது இருக்கிறது, மேலே எதையும் தூவாதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. ஹஸ்கிக்குக் கருத்தடை செய்யவில்லை என்றால், குட்டிக்கு முதல் பருவம் இனி எந்த மாதமும் வரலாம். ஹஸ்கி 1.8 மீட்டர் வேலியையும் முயன்று ஏறுவான், ஏற முடியாவிட்டால் தோண்டுவான். வேலியின் அடியில் கம்பி வலையை உட்புறமாக 60 சென்டிமீட்டர் படுக்கவைத்துப் புதைத்தால் தோண்டுவது நிற்கும். பருவம் நடக்கும் மூன்று வாரமும் வேலியை நம்ப வேண்டாம், இருவரையும் பூட்டிய கதவுக்கு இருபுறமும் வையுங்கள்.